முகத்தின் நிறம் கெடாமல் படமாக்க: குறைந்த செலவில் வீடியோ கேமரா தேர்ந்தெடுக்கும் முறை

கேமரா வாங்கக் கிளம்பும் பலரும் முதலில் விசாரிப்பது 4கே உண்டா, எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். முகத்தின் நிறம் சரியாக வருவதற்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. மாநிறமான ஒருவர் திரையில் மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரி தெரிகிறாரா? கருத்த முகம் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறதா? கோளாறு பெரும்பாலும் விளக்கில் இருக்கும், அல்லது ஒயிட் பேலன்ஸில் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு), அல்லது எக்ஸ்போஷரில் (பதியும் வெளிச்சத்தின் அளவு). கடைசி இரண்டையும் உங்கள் கைப்பிடியில் விடும் கேமராவைத்தான் தேட வேண்டும்.

படி 1: விளக்குக்குப் பணம் ஒதுக்குங்கள்

மொத்தப் பணத்தையும் கேமரா பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா) கொட்ட வேண்டாம். பாதிக்கு மேல் பாடிக்குப் போகக் கூடாது என்பது எங்கள் கணக்கு. மீதி லென்ஸுக்கும் விளக்குக்கும் வேண்டும்.

தோலின் உயிர்ப்பே அதனடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பில்தான் இருக்கிறது. மலிவான எல்இடி விளக்குகளின் ஒளியில் அடர்சிவப்பு குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பை எந்தக் கேமராவாலும் பதிய முடியாது. எடிட்டிங்கில் சிவப்பைக் கூட்டினால் உதடும் சட்டையும் சேர்ந்தே சிவக்கும். ஆகவே, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான சிஆர்ஐ எண் 95-க்கு மேல் உள்ள விளக்காகப் பாருங்கள். கூடவே ஆர்9 எண்ணையும் கேளுங்கள். சிஆர்ஐ என்பது 8 வெளிர்நிறங்களின் சராசரி. அடர்சிவப்பைச் சொல்லும் ஆர்9 அந்தச் சராசரியில் சேர்வதில்லை. சிஆர்ஐ 80 உள்ள விளக்கில்கூட ஆர்9 பூஜ்ஜியத்தை ஒட்டிக் கிடக்கலாம். ஆர்9 90-ஐத் தாண்டினால் நிம்மதியாக வாங்கலாம்.

படி 2: மெனுவைத் திறந்து பாருங்கள்

ஒயிட் பேலன்ஸில் கெல்வின் எண்ணை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) நேரடியாக வைக்க முடிய வேண்டும்: பகல் வெளிச்சத்துக்கு 5600, மஞ்சள் டங்ஸ்டன் விளக்குக்கு 3200. வெள்ளை அல்லது சாம்பல் அட்டையைக் காட்டி அளவெடுக்கும் கஸ்டம் வசதியும் வேண்டும். இதற்குப் பக்கத்திலேயே பச்சை–மெஜந்தா நகர்த்தும் கட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். எல்இடி ஒளியில் முகம் பச்சையடித்தால் கெல்வினை எவ்வளவு மாற்றினாலும் போகாது. கெல்வின் நகர்த்துவது நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் மட்டுமே. மெஜந்தா பக்கம் ஒன்றிரண்டு புள்ளி தள்ளினால் முகம் தெளியும்.

ஜீப்ரா கோடுகள் அடுத்தது: நீங்கள் வைத்த வெளிச்ச அளவை (சதவீதத்தில்) எட்டிய இடங்களில் திரையில் கோடு காட்டும் வசதி. சில கேமராக்களில் இதை 70-க்குக் கீழே இறக்க முடியாது. மாநிற, கருத்த முகங்களை எடுப்பவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். கடைசியாக, தோலை மழுப்பும் சாஃப்ட் ஸ்கின் வசதி. அது இருந்தால் தவறில்லை, முழுவதுமாக அணைக்க முடிந்தால் போதும்.

படி 3: லாக் ஆசையைத் தள்ளிப் போடுங்கள்

8 பிட் வீடியோவில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024. எடிட்டிங்கில் நிறத்தைச் சரிசெய்வதற்காகவே உள்ள லாக் முறையில் எடுத்தால் காட்சி வெளிறிப் பதிவாகும், பிறகு அதன் நிறத்தை இழுத்து விரிக்க வேண்டும். 8 பிட்டில் அப்படி இழுக்கும்போது கன்னத்தில் படிப்படியாக மாற வேண்டிய நிறம் திட்டுத் திட்டாக உடையும். 8 பிட் கேமராதான் கைக்கு எட்டுகிறது என்றால் குறையே இல்லை. லாக்கை விட்டுவிட்டு, நியூட்ரல் மாதிரியான பிக்சர் ப்ரொஃபைலில் (கேமராவிலேயே உள்ள நிற அமைப்பு) ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் எடுக்கும்போதே சரியாக வையுங்கள். தொடங்குபவருக்கு இதுதான் நல்ல பாதை.

படி 4: இரண்டு மூன்று பெயர்களாகச் சுருக்குங்கள்

பழைய பாடிகளை ஒதுக்காதீர்கள். 2018-இல் வந்த கேனான் எம்50, ஃபுல் எச்டியில் முகத்தை அழகாகத் தருகிறது. 4கே-யில் மட்டும் காட்சி மிகவும் குறுகிவிடும், டூயல் பிக்சல் என்னும் அதன் ஆட்டோ ஃபோகஸ் முறையும் வேலை செய்யாது. அதே ஆண்டின் ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி3 உள்ளேயே 10 பிட் பதியும். அதிலுள்ள எடர்னா வண்ணம், கிரேடிங் (எடிட்டிங்கில் நிறம் சீரமைப்பது) தெரியாதவருக்கும் மென்மையான தோல் நிறம் தரும். 2017-இன் பானசோனிக் ஜிஎச்5 தருவது 10 பிட் 4:2:2 (வண்ணத் தகவலைக் கூடுதலாகக் காக்கும் பதிவு முறை). ஆனால் அதன் ஆட்டோ ஃபோகஸ் வீடியோவில் தடுமாறும். தனியாக நின்று தன்னையே படமெடுப்பவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். சோனி இசட்வி-இ10 (2021) 8 பிட்தான், ஆனால் ஃபோகஸ் முகத்தை விடாமல் பிடிக்கும்.

படி 5: முகத்தை வைத்துச் சோதியுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு வாங்காதீர்கள். வெவ்வேறு நிறமுள்ள மூன்று பேர், ஒரு சாம்பல் அட்டை, உங்கள் சொந்த மெமரி கார்டு, இவ்வளவுதான் தேவை. ஜன்னல் ஓரம் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒருவரை நிறுத்துங்கள். உள்ளே எரியும் விளக்குகளை அணையுங்கள். இல்லையென்றால் ஒரு கன்னம் நீலமும் மறு கன்னம் ஆரஞ்சுமாக வரும், அதற்குக் கேமரா பொறுப்பல்ல. அட்டையைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் எடுங்கள். உள்ளங்கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி 10 வினாடி பதியுங்கள். மூவருக்கும் இதேதான். பிறகு ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் ஜன்னலிலிருந்து அறைக்குள் நடக்கச் சொல்லி ஒரு முறை எடுங்கள். நிறம் குதிக்கிறதா, மெதுவாக வழுக்குகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

கேமராவின் சின்னத் திரையை நம்பி முடிவெடுக்காமல் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். முதலில் தாடைக்குக் கீழே உள்ள நிழல்: பழுப்பாக இருட்ட வேண்டும், பச்சையோ சாம்பலோ கூடாது. அடுத்து நெற்றியில் மினுங்கும் இடத்தின் ஓரம். தோலில் சிவப்பு அளவுதான் எப்போதும் அதிகம், வெளிச்சம் கூடினால் முதலில் உச்ச அளவில் முட்டி நிற்பதும் அதுவே. பச்சை மட்டும் மேலே ஏறிக்கொண்டே போக, மினுக்கத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் விழும். சில கேமராக்கள் இந்த இடத்தை மிருதுவாகக் கடக்கும், சில வெட்டினாற்போல் நிற்கும். விலை குறைந்த கேமராக்களுக்குள் உள்ள நிஜமான வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான்.

கண்ணை நம்பத் தயக்கமா? டாவின்சி ரிசால்வ் என்னும் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில், நிறங்களைப் புள்ளிகளாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப் என்ற வட்டம் இருக்கிறது, அதில் தோல் நிறக் கோட்டைக் காட்டச் சொல்லலாம். முகத்தை மட்டும் மாஸ்க் (ஒரு பகுதியைத் தனியாக்கும் வசதி) போட்டு வெட்டிப் பாருங்கள். வெளுத்தவரோ கருத்தவரோ, புள்ளிகள் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவிலுள்ள அந்தக் கோட்டை ஒட்டியே விழும். எல்லார் தோலிலும் இருப்பது அதே ரத்தம், அதே மெலனின், அளவுதான் வேறு. புள்ளிகள் மஞ்சளைத் தாண்டிப் பச்சைப் பக்கம் சாய்ந்தால் முதலில் ஒயிட் பேலன்ஸைச் சந்தேகியுங்கள். அதைச் சரிசெய்தும் மூவருக்குமே சாய்ந்தால் அந்தக் கேமராவை விட்டுவிடலாம்.

படி 6: வாங்கிய அன்றே வைக்க வேண்டியவை

ஷார்ப்னஸைக் குறையுங்கள், இல்லையென்றால் தோலின் நுண்துளைகள் எழும்பி நிற்கும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50. உங்கள் ஊர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 ஃபிரேமுக்கு 1/60. இது விளக்கு மினுமினுப்பைத் தடுக்கும்.

ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். அது முழுக் காட்சியையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் முன் நிற்கும் கருத்த முகத்தை இன்னும் இருட்டாக்கி, நிழலில் புள்ளி இரைச்சலையும் ஏற்றிவிடும். ஜீப்ராவைத் தோராயமாக வெளுத்த முகத்துக்கு 70, மாநிறத்துக்கு 55 முதல் 60, கருத்த முகத்துக்கு 40 முதல் 50 என்று வைத்து, கன்னத்தின் வெளிச்சப் பக்கத்தில் கோடு லேசாகத் தட்டும்வரை லென்ஸின் ஒளித்துளையைத் திறவுங்கள். கருத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதில் பிரதிபலிக்கும் ஒளி. விளக்கின் சக்தியைக் கூட்டுவதைவிட, அதன் முன் பெரிய சாஃப்ட்பாக்ஸ் வைத்துப் பக்கவாட்டில் கொண்டுவருவதுதான் பலன் தரும்.

வெளிச்சம் மாறும் ஒவ்வொரு முறையும் சாம்பல் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து 5 வினாடி பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் நிறம் ஒத்துவராத இரண்டு ஷாட்களை அந்த 5 வினாடியை வைத்துத்தான் சேர்ப்பீர்கள்.