டிப்பைத் திட்டுவதற்கு முன்

நம் ஊர் பில்லியர்ட்ஸ் பார்லர்களில் ஸ்னூக்கர் மேசையும் பூல் மேசையும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். அதில் ஒரு மணி நேரம், இதில் ஒரு மணி நேரம் என்று மாறி மாறி ஆடுவோம். சண்டையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிறந்து, ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட ஆட்டம். அந்தப் பாசமோ என்னவோ, அதன் சட்டத்தையே பூல் மேசைக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம்.

வெள்ளைப் பந்து இன்னொரு பந்தோடு ஒட்டி நிற்கிறது. ஸ்னூக்கரில் அந்தப் பந்து அசையாமல் வெள்ளையை விலக்கி அடிக்க வேண்டும். பூலில், உலக பூல் சங்க விதிப்படி, அது நமக்குரிய பந்தாக இருந்தால் அதை நோக்கியே அடிக்கலாம். ஒட்டாமல் மயிரிழை இடைவெளி இருக்கும்போதுதான் வம்பு. நேராகக் குத்தினால் டிப் (கியூ என்னும் ஆட்டக்கோலின் நுனித் தோல்) வெள்ளையை இரண்டாவது முறை தொட்டுவிடும், அது ஃபவுல். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடிபட்ட பந்தின் பின்னாலேயே வெள்ளையும் உடனே விரட்டிக்கொண்டு ஓடினால் சந்தேகமே வேண்டாம். அதனால் அடிக்கும் முன்பே எதிராளியைக் கூப்பிட்டு, "ஒட்டியிருக்கா, பாருங்க" என்று காட்டிவிடுங்கள். அடித்த பிறகு காட்ட எதுவும் இருக்காது.

இன்னொன்று, மெதுவாகத் தொட்டுவிட்டு ஒதுங்குவது. ஸ்னூக்கரில் அது நல்ல தற்காப்பு. பூலில், தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து குழியில் விழ வேண்டும் அல்லது குஷனில் (மேசையின் ஓர விளிம்பில்) பட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்வார். 8 பால் ஆட்டத்தில் ஒருவருக்குக் கோட்டுப் பந்துகள், மற்றவருக்கு முழுநிறப் பந்துகள்; பிரேக்கில், அதாவது முதல் அடியில், ஒரு கோட்டுப் பந்து விழுந்ததும் "நான் கோடு" என்று அறிவிப்பதும் அவசரம்தான். உலக விதிப்படி பிரேக்குக்குப் பிறகும் மேசை பொதுவாகவே இருக்கும், எந்த வகை யாருக்கு என்று முடிவாகியிருக்காது. உங்கள் பார்லரில் வேறு வழக்கம் இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன் பேசிக்கொள்ளுங்கள்.

சரி, டிப்புக்கு வருவோம். எனக்கு ஒரு காலத்தில் அடிக்கடி டிப் வழுக்கும். மாதத்துக்கு ஒரு டிப் மாற்றினேன். கடைசியில் ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, நீ பந்தோட அடிப்பாதத்தையே குத்துறியே" என்றார். பூல் பந்தின் விட்டம் சுமார் 57 மில்லிமீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் தூரத்தில் பாதி, அதாவது 14 மில்லிமீட்டர் தாண்டிக் குத்தினால் எந்த டிப்பும் வழுக்கத்தான் செய்யும். சுழற்சி வேண்டும் என்ற ஆசையில் எல்லாரும் அந்த எல்லையைத் தாண்டுகிறோம்.

அடுத்த குற்றவாளி சாக் (டிப் வழுக்காமலிருக்கப் பூசும் நீலத் தூள்கட்டி) போடும் விதம். சாக் கட்டியை டிப்பின் மேல் வைத்துப் பம்பரம் போலத் திருகுவார்கள். கட்டியின் நடுவில் குழி விழும். அந்தக் குழியின் ஓரம் டிப்பின் பக்கவாட்டையும் அதற்குக் கீழுள்ள வளையத்தையும் தேய்த்து நீலமாக்கும். தோலில் பூச்சு சீராக ஏறியிருக்காது. பெண்கள் உதட்டுச் சாயம் பூசுவது போல லேசாக இழுத்து இழுத்துப் பூச வேண்டும், கியூவை மெல்லச் சுற்றிக்கொண்டே. பூசி முடித்ததும் கட்டியை நீல முகம் மேலே இருக்கும்படி வையுங்கள். கவிழ்த்து வைத்தால் அந்தத் தூள் குஷனில், கையில், சட்டையில் எல்லாம் ஏறும்.

டிப்பின் வளைவு இப்போதைய ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு வளைவை ஒத்திருந்தால் போதும். தட்டையாகிவிட்டால் உப்புத்தாளால் மெல்லச் சரிசெய்யலாம். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு சுரண்டுவது வீண். டிப்பின் ஆயுள்தான் குறையும். 9, 10 மில்லிமீட்டர் டிப் உள்ள ஸ்னூக்கர் கியூவால் பூலில் முழு பலத்தோடு பிரேக் அடிக்காதீர்கள். கனமான பூல் பந்துக்கு 12, 13 மில்லிமீட்டர் டிப்தான் தாங்கும். அந்த வேலைக்குப் பார்லர் சுவரில் தொங்கும் பொதுக் கியூ இருக்கிறதே!

மேசையைப் பற்றி ஒன்றே ஒன்று. மழைக்காலத்தில் துணி ஈரத்தை இழுத்துப் பந்து மந்தமாக ஓடும். அன்றைக்கு டிப் மாற்றக் கிளம்பாதீர்கள்.