பிட்டர்கிரெஸ் செடியை அடையாளம் காண்பதில் நேரும் பிழைகள்

வட அமெரிக்காவின் பல பகுதிகளில் ஓடைக்கரைகளிலும் ஊற்றோரங்களிலும் இயல்பாக வளரும் பென்சில்வேனியா பிட்டர்கிரெஸ், கடுகுக் குடும்பத்தின் கார்டமினி பேரினத்தைச் சேர்ந்தது. கார்டமினி பென்சில்வானிகா என்பது அதன் தாவரவியல் பெயர். ஐரோப்பாவிலிருந்து வந்து உலகெங்கும் களையாகப் பரவிவிட்ட கார்டமினி ஹிர்சுட்டாவும் பார்வைக்கு ஏறத்தாழ இதைப் போலவே இருக்கும். இரண்டிலும் சிறகு போலப் பிரிந்த இலைகள், சில மில்லிமீட்டர் அளவே உள்ள வெள்ளைப் பூக்கள், குச்சி போன்ற மெல்லிய காய்கள். இந்த வசந்தத்தில் களப்பணிக்கு வந்த புதியவர்கள் ஓர் ஓடைக்கரையில் மண்டியிட்டு, பூவை உருப்பெருக்கியில் பார்த்து, எண்ணி, உடனே பெயர் சொன்னதைக் கண்டபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை அப்படியே திரும்ப அரங்கேறுவதாகத் தோன்றியது. பூவின் நிறம், செடியின் உயரம் போன்றவற்றில் ஏமாறுவதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அதை எவரும் ஒரே பருவத்தில் திருத்திக்கொள்வார்கள்.

மகரந்தத் தாள்களை மட்டும் எண்ணி முடிவு செய்வது

ஹிர்சுட்டாவுக்கு நான்கு தாள்கள், பென்சில்வானிகாவுக்கு ஆறு என்று கையேடுகள் சொல்லும். அது பொய்யன்று, ஆனால் அதை மட்டும் நம்பிய நான், களையெடுப்பு நாள் ஒன்றில் பொறுப்பாளராக நின்று, ஒரே பூவில் நான்கு தாள்களை எண்ணிவிட்டு, "இது களைதான், பிடுங்கலாம்" என்று சொன்னேன். மாலைக்குள் கரையின் நீண்ட பகுதி வெறுமையாகிவிட்டது. பதிவுக்காகக் காகிதத்தில் அழுத்தி வைத்திருந்த ஒரு செடியைச் சில வாரங்கள் கழித்து எடுத்துப் பார்த்தபோதுதான், நாங்கள் பிடுங்கியது பென்சில்வானிகா என்பது தெரிந்தது. அந்தக் கரையில் அதன் இடத்தை அடுத்த ஆண்டு வேறு களைகள் பிடித்துக்கொண்டன.

காரணம் எளியது. கடுகுக் குடும்பப் பூவில் உள்ள ஆறு தாள்களில் நான்கு நீளமானவை, பக்கவாட்டில் உள்ள இரண்டு குட்டையானவை. இந்தக் குட்டைத் தாள்கள் புல்லிகளின் அடியில் ஒளிந்திருப்பதால், மேலிருந்து பார்ப்பவர் நான்கை மட்டும் எண்ணுவார். பூ முதிர்ந்து மகரந்தப் பைகள் உதிர்ந்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். எதிர்ப்புறத்திலும் இதே சிக்கல் உண்டு. ஹிர்சுட்டாவில் பொதுவாக இல்லாமல் போகும் அந்தப் பக்கத் தாள்கள், வெப்பநிலையையும் பருவத்தையும் பொறுத்துச் சில பூக்களில் ஒன்றாகவோ இரண்டாகவோ தோன்றும். ஆகவே ஒரு பூவின் எண்ணிக்கை எந்தப் பக்கமும் சாட்சியாகாது. பல செடிகளில், புதிதாக விரிந்த பல பூக்களின் புல்லிகளை ஊசியால் விலக்கிப் பார்த்த பிறகே அந்த எண்ணுக்கு மதிப்பு வரும்.

அதற்கு முன்பே பார்க்க வேண்டியது இலைக்காம்பு. ஹிர்சுட்டாவின் அடியிலைக் காம்பின் ஓரத்தில் மயிர்கள் வரிசையாக நிற்கும்; பென்சில்வானிகாவில் அப்படி இருப்பதில்லை. ஹிர்சுட்டா பூக்கும்போதும் தரையோடு படிந்த இலைவட்டம் செழிப்பாக இருக்கும், தண்டில் இலைகள் குறைவு. பென்சில்வானிகாவில் தண்டு இலைகளே மிகுதி, அவற்றின் சிற்றிலைகளின் அடிப்பகுதி நடுக்காம்பின் மேல் சற்றே வழிந்து இறங்கும். நான் அழுத்தி வைத்த செடியில் இவை அனைத்தும் தெளிவாக இருந்தன. அன்று குனிந்து காம்பைப் பார்க்க அரை நிமிடம் போதுமாயிருந்திருக்கும் என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இலைவட்டத்தை மட்டும் படமெடுத்துப் பெயர் கேட்பது

பூவும் காயும் வரும்வரை காத்திருங்கள்.

ஈரத்தில் நிற்பதெல்லாம் இயல் தாவரம், அதாவது அந்த மண்ணுக்கே உரியது, என்று நம்புவது

கார்டமினி ஃப்ளெக்சுவோசாவும் ஈரத்தை விரும்பும், அதற்கும் ஆறு தாள்கள்தாம். ஆனால் அது ஐரோப்பியச் செடி, வளைந்து வளைந்து செல்லும் தண்டில் மயிர் இருக்கும். அதோடு நெடுங்காலம் சேர்த்தே எண்ணப்பட்ட கார்டமினி ஒக்குல்டா கிழக்காசியாவின் வயல்களைச் சேர்ந்தது. நாற்றுப்பண்ணைத் தொட்டிகள் வழியாகப் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. அதன் தண்டு ஏறக்குறைய மயிரற்றது என்பதால், மயிர் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு செடியைப் பென்சில்வானிகா என்று எழுதிவிடவும் கூடாது. தொட்டிச் செடிகள் நடப்பட்ட இடத்துக்கு அருகே எதைக் கண்டாலும் இரண்டு முறை சந்தேகப்படுவது என் வழக்கம்.

காய் முற்றிய களையைப் பிடுங்குவது

தொட்டவுடன் காய் வெடித்து விதை சிதறும், பிடுங்குபவரே விதைத்தவராவார்.

பெயரில் இரண்டு 'என்' எழுதுவது

பென்சில்வேனியா மாநிலத்தின் பெயரில் 'பென்' என்ற முதல் அசையை இன்று இலத்தீன் எழுத்தில் இரண்டு 'என்' இட்டு எழுதுகிறோம். இந்தச் செடியின் பெயரில் அந்த இடத்தில் ஒன்றுதான். கூடுதலாக ஒன்றை இட்டுத் தேடிவிட்டு, "பதிவே இல்லை, அரிதான செடி" என்று மகிழ்ந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

இயல் தாவரம் என்றாலே அரிது என்று கொள்வது

பென்சில்வானிகா வட அமெரிக்காவில் பரவலாக உள்ள செடி. உயிரினங்களின் ஆபத்து நிலையை மதிப்பிடும் நேச்சர்செர்வ் அமைப்பின் உலகத் தரவரிசையில் அது ஜி5, அதாவது பாதுகாப்பான நிலை. ஜி1 என்பது மிகக் கடுமையான ஆபத்தைக் குறிக்கும். அதே அமைப்பில் மாநிலங்களுக்கென எஸ் என்று தொடங்கும் தனி வரிசை இருப்பதால், உலக அளவில் ஆபத்தில்லாத ஒரு செடி தன் பரப்பின் விளிம்பிலுள்ள மாநிலத்தில் அருகியதாகக் கணக்கிடப்படலாம். இரண்டையும் பார்க்காமல் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுவது அரைகுறையான செய்தி. மேலும், தரவரிசை சட்டமாகாது. சட்டப் பாதுகாப்பு வேண்டுமானால் அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்கள் சட்டம் போன்ற ஒன்றின் பட்டியலில் செடி இடம்பெற வேண்டும். வட கரோலினா, வர்ஜீனியா மாநிலங்களில் டான் ஆற்றுப் படுகையில் மட்டுமே வாழும் கார்டமினி மைக்ராந்தெரா 1989இல் அப்படிச் சேர்க்கப்பட்டது. அப்பகுதியின் ஓடையோரப் பாறை இடுக்குகளில், வட்டமான சிறு மகரந்தப் பைகளுடன் ஒரு பிட்டர்கிரெஸைக் கண்டால், இலையைக்கூடக் கிள்ளாமல் படமெடுத்து, இடத்தைக் குறித்து, மாநிலத் தாவரப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நிலைத்தகுதி செடியோடு ஒட்டிப் பிறந்த குணமன்று என்பதற்குக் கார்டமினி இம்பேஷன்ஸ் நல்ல சான்று. பிரிட்டனில் அது அரிதாகக் கிடைக்கும் இயல் தாவரம். வடகிழக்கு அமெரிக்காவில் காடுகளுக்குள் ஊடுருவும் களை. இலைக்காம்பின் அடியில் தண்டைத் தழுவும் கூரிய காது போன்ற மடல்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்குப் பிறகு அந்தப் புதியவர்களிடம் முதலில் அந்த மடல்களைத்தான் தேடச் சொன்னேன். பூவைத் தொட விடவில்லை.