பழைய ஃபிளெக்ஸில் அச்செடுத்து கார்பெட் வெட்டுங்கள்

தரையை வெட்டி மாற்றிய டிரக்குக்குக் கார்பெட் போடும் முன், பழைய ஃபிளெக்ஸ் பேனரில் அச்செடுங்கள், அதாவது தரையின் வடிவத்துக்கு மாதிரி வெட்டுங்கள். செய்தித்தாள் டனல் மேட்டில் (கியர்பாக்ஸுக்கு மேலே தரை நடுவில் எழும்பும் பகுதி) கிழியும். ஃபிளெக்ஸ் வளையும், இழுபடாது, அளவு மாறாது. டனலுக்கு ஒரு துண்டு, பக்கத்துக்கு ஒவ்வொன்று. ஓரத்தில் 5 செ.மீ. கூடுதல். மேல்பக்கம் எதுவென்று அச்சிலேயே எழுதுங்கள், இல்லையேல் இடது வலதாகிவிடும்.

சீட் போல்ட் துளைக்கு டிரில் வேண்டவே வேண்டாம். இழை சுற்றிக்கொண்டு நீளமாக உருவி வரும். சிந்தடிக் கார்பெட் என்றால் சூடான சோல்டரிங் அயர்ன் போதும், வண்டிக்கு வெளியே வைத்து.

வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கார்பெட்டை மீட்டர் கணக்கில் வாங்குபவர்களுக்கே இது. தரை கம்பெனி வடிவிலேயே இருந்தால் தரை வடிவத்திலேயே வார்த்த ரெடிமேட் கார்பெட் போடுங்கள், வேலை மிச்சம்.