கேரம் போர்டைக் கட்டிக்கொண்டு ராயபுரம் டு பழவேற்காடு: நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்கு ஒரு செய்முறை

நல்ல காரியத்துக்காக சைக்கிள் மிதிப்பவர்களைத் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் மூன்றடிக் கேரம் போர்டு வந்தால் டீக்கடையே எட்டிப் பார்க்கும். அதிலும் வடசென்னையில் கேரத்தைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் எம். காசிமா மூன்று தங்கம் வென்ற பிறகு கேட்கவே வேண்டாம். ஏழைப் பிள்ளைகளின் கேரம் பயிற்சிக்கோ, பள்ளிக்கூட விளையாட்டுச் சாமான்களுக்கோ பணம் திரட்ட இதைவிடப் பொருத்தமான பாரம் கிடைக்காது.

ஆனால் கட்டத் தெரியாமல் கட்டினால் இதைவிட மோசமான பாரமும் கிடையாது. காரணம் எடை இல்லை, அகலமும் காற்றும்தான்.

முதலில் அளந்து, நிறுத்துப் பாருங்கள்

போட்டிக்கான போர்டில் ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம். சுற்றுச் சட்டத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 90 செ.மீ. வரும். உங்கள் ஹேண்டில்பாரை அளந்தால் 60 செ.மீ.தான் இருக்கும். அதாவது, ஹேண்டில் நுழைந்த சந்தில் போர்டு நுழையாது; இரு பக்கமும் அரை அடி அளவுக்கு வெளியே நிற்கும். எடை பிளைவுட்டின் கனத்தைப் பொறுத்து மாறும். பழைய பேப்பர் கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள். 15 கிலோவுக்குள் இருந்தால் புதியவர்களுக்கு நல்லது.

எப்படி வைப்பது?

போர்டை நிமிர்த்திக் குறுக்கே வைத்தால் போட்டோவுக்கு அழகாக இருக்கும், சாலையில் அது பாய்மரம். நீங்கள் 15 கி.மீ. வேகத்தில் போக, எதிர்க்காற்றும் 15 கி.மீ. வேகத்தில் அடித்தால் போர்டு மட்டும் சுமார் 4 கிலோ விசையோடு உங்களைப் பின்னுக்கு இழுக்கும். உங்கள் உடம்பின் மேல் விழும் காற்றைப் போல இது இரண்டு மடங்கு. நீளவாக்கில் நிறுத்தினால் எதிர்க்காற்று தொல்லை தராது. ஆனால் பக்கக் காற்றும், உரசிப் போகும் கண்டெய்னர் லாரியின் இழுப்பும் வண்டியையே சாய்த்துவிடும். ஆகவே போர்டைப் படுக்கவைத்துத்தான் கட்ட வேண்டும்.

மூன்று சக்கர மீன்பாடி வண்டி எடுத்தால் என்ன என்று தோன்றும். இரண்டு தெரு தாண்ட அது சரி. நூறு கிலோமீட்டருக்கு வண்டியின் சொந்த எடையே ஆளைத் தின்னும். மூன்று சக்கரமும் மூன்று தடத்தில் ஓடுவதால் பள்ளத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் இறங்கும்.

கேரியருக்கு மேல் ஒரு மரச்சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். 2க்கு 1 அங்குல ரீப்பர் கட்டை: நீளவாக்கில் 3 அடியில் இரண்டு, குறுக்கே இரண்டரை அடியில் இரண்டு. நான்கு யூ கிளாம்ப் போட்டு கேரியர் கம்பியோடு பிடித்து, 6 மி.மீ. போல்ட்டுக்கு நைலான் வைத்த நட்டைப் போடுங்கள். சாதா நட்டு சாலை அதிர்வில் கழன்றுவிடும். சட்டத்தின் பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்திவிட்டால், காற்று போர்டைத் தூக்காமல் கீழே அழுத்தும்.

போர்டை ஆடும் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். சுற்றுச் சட்டம் ரீப்பரில் உட்காரும், ஆடும் பரப்பில் கீறல் விழாது. முன்னதாகப் பழைய பெட்ஷீட்டால் சுற்றி, அதற்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். பாக்கெட் வலைகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வழியெல்லாம் படபடக்கும். சீட்டின் பின்விளிம்புக்கும் போர்டுக்கும் நான்கு விரல் இடைவெளி வேண்டும்.

கட்டுவதற்கு 25 மி.மீ. ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை) இரண்டு போதும். பெல்ட்டின் அழுத்தம் போர்டின் ஓரச் சட்டத்தில் விழ வேண்டும். நடுப் பிளைவுட்டில் விழுந்தால், நாலு கிளிக் கூடப் போட்டாலே போர்டு வளைந்துவிடும். வளைந்த போர்டில் அப்புறம் காயின் நேராக ஓடாது. பெல்ட்டுக்கு மேலே சைக்கிள் டியூபை வெட்டிய பட்டையால் ஒரு சுற்று சுற்றுங்கள். குலுக்கலில் பெல்ட் தளர்ந்தாலும் டியூப் இழுத்துப் பிடிக்கும். மிச்சமிருக்கும் நுனிகளை முடிந்து, டேப் ஒட்டிவிடுங்கள். தொங்கும் நுனி சக்கரக் கம்பியில் சிக்கினால் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். பாரம் ஏற்றிய சைக்கிளில் நடக்கக்கூடிய மோசமான விபத்துகளில் இது ஒன்று.

சைக்கிளைத் தயார் செய்வது

பின்சக்கரத்தில் 40 கம்பி உள்ள பழைய மாடல் இரும்பு சைக்கிள் இந்த வேலைக்குச் சரியான வண்டி. ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டுங்கள். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்திருக்கிறது, கடையில் சக்கரத்தின் கோட்டம் எடுக்கும்போதே இறுக்கச் சொல்லிவிடுங்கள். பிரேக் கட்டைகள் நான்கும் புதிதாக இருக்கட்டும். ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) 18 பல் என்றால் 22 பல்லுக்கு மாற்றுங்கள், பாலம் ஏறும்போது முழங்கால் தப்பிக்கும். செயினின் நீளம் போதுமா என்றும் பார்த்துவிடுங்கள். பின் டயரில் அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குக் காற்று வேண்டும். குறைந்த காற்றோடு பள்ளத்தில் விழுந்தால் ரிம் டியூபைக் கடித்து இரட்டை ஓட்டை போடும்.

போர்டின் எடை பின் அச்சுக்கும் பின்னால் விழுவதால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் நடுங்கும். தண்ணீர், ஸ்பேனர், பம்ப், ஸ்ட்ரைக்கர், பவுடர் டப்பா எல்லாவற்றையும் முன்கூடையில் போடுங்கள். நான்கைந்து கிலோ முன்னால் வந்தாலே நடுக்கம் அடங்கும். ஸ்டாண்ட் இரட்டைக்காலாக இருக்க வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் கிளம்பும் அன்றுதான் கண்டுபிடிப்பார்கள்: பின்னால் போர்டு இருந்தால் காலைப் பின்புறமாகச் சுழற்றி ஏற முடியாது. வண்டியைச் சாய்த்து, பாருக்கு மேலே முன்பக்கமாகக் காலைப் போட வேண்டும்.

ஒத்திகை

மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வெறும் சட்டத்தோடு 10 கி.மீ. அடுத்த வாரம் போர்டோடு மைதானத்தில்: இரண்டு வாளிகளை நாலடி இடைவெளியில் வைத்து நடுவே இருபது முறை ஓட்டுங்கள். ஆரம்பத்தில் வாளிகள் உருளும். மூன்றாம் வாரம் போர்டோடு 25 கி.மீ.; திரும்பியதும் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

பாதையும் நாளும்

ராயபுரம், திருவொற்றியூர், மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு. ஒரு வழி சுமார் 55 கி.மீ. போக ஒரு நாள், வர ஒரு நாள். பாலங்களைத் தவிர மேடே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை விடிந்த பிறகு, ஆறேகால் மணிவாக்கில் கிளம்புங்கள். 12 கி.மீ. வேகத்தில், நான்கு இடத்தில் பதினைந்து நிமிடம் நின்றால், நண்பகலில் சேரலாம்.

எண்ணூர் விரைவு சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். வரிசைக்கும் ஓரச் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் போர்டோடு நுழையாதீர்கள், பாதியில் மாட்டினால் திரும்ப வழியில்லை. இடப்பக்கம் திரும்பும் டிரெய்லரின் பின்சக்கரங்கள் ஓரத்தை வெட்டிக்கொண்டு வரும். அது திரும்பி முடியும்வரை பின்னாலேயே நில்லுங்கள்.

தை, மாசி மாதங்களில் வெயில் தணிந்திருக்கும், மழையும் விட்டிருக்கும். ஆனால் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காட்டுப் பக்கம் திரும்பினால் அது நேராக முகத்தில் வந்து விழும். கடைசி 18 கிலோமீட்டருக்குக் கூடுதலாக அரைமணி நேரம் ஒதுக்கிவையுங்கள். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும்.

முடியவில்லை என்றால் நிறுத்திக்கொள்ள மீஞ்சூரும் பொன்னேரியும் தோதான இடங்கள். இரண்டிலும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் நிற்கும், ஆள் வீடு திரும்பிவிடலாம். சைக்கிளுக்கும் போர்டுக்கும் ஒரு குட்டியானை (சின்ன லோடு வண்டி) ஓட்டுநரிடம் முன்பே வாடகை பேசி, எண்ணை வாங்கி வையுங்கள்.

பணம்

வழியில் உண்டியல் குலுக்க வேண்டாம். உதவி பெறும் அமைப்பின் பெயரிலேயே உள்ள க்யூஆர் கோடை முதுகில் ஒட்டுங்கள். உங்கள் சொந்தக் கணக்கின் க்யூஆர் கூடவே கூடாது. நன்கொடைக்கு வருமான வரி விலக்கு தரும் பதிவு (80ஜி என்று சொல்வார்கள்) அந்த அமைப்புக்கு இருந்தால், பழைய வரி முறையில் இருப்பவர்கள் விலக்கு கேட்கலாம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். ரீப்பர், பெல்ட், சாப்பாட்டுச் செலவு உங்கள் பையிலிருந்து வரட்டும். நன்கொடையில் கை வைத்தால், கணக்குக் கேட்கும் முதல் ஆளுக்கே பதில் சொல்ல முடியாது.

ஓடும்போது

கிளம்பிய ஐந்தாவது கிலோமீட்டரில் ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். போர்டின் பின் ஓரங்கள் இரண்டிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். நடுவில் மட்டும் ஒட்டினால் பின்னால் வருபவருக்கு அகலம் தெரியாது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடியுங்கள்.

சேர்ந்ததும் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஏரிக்காற்றின் ஈரத்தில் சாய்த்த போர்டு வளையும். உறையைப் பிரித்து, சமமான இடத்தில் படுக்கவைத்து, துணியால் துடைத்து, பாக்கெட் வலைகளை மாட்டுங்கள். பவுடர் போடுவதற்குள் ஊர்ப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.