குற்றாலம் அரண்மனை ஓவியத்தைப் பிரிண்ட் போட

குற்றாலத்தில் திருவிதாங்கூர் மன்னர்களுக்கு இருந்த அரண்மனை இன்று கேரள அரசின் வசம். அதை நீர்வண்ணத்தில் நீங்களே வரைந்திருந்தால் பிரிண்ட் போட யாரையும் கேட்க வேண்டாம். பிறர் வரைந்ததென்றால், ஓவியர் காலமாகி 60 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். ரவிவர்மா மறைந்தது 1906, எடுக்கலாம். கோவில்பட்டி காலண்டர் ஓவியர் கொண்டையராஜு மறைந்தது 1976. 2036 முடியும்வரை உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும்.

ஓவியத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர ஸ்கேனர் வேண்டாம், கேமராவில் படமெடுங்கள். மலைக்குப் பின்னால் பூசிய மெல்லிய நீலத்தை அது வெள்ளையாக்கிவிடும். ஓவியத்தைச் சுவரில் செங்குத்தாகப் பொருத்தி, இருபுறமும் ஒரே வகை விளக்குகளைச் சம தூரத்தில், 45 டிகிரி சாய்வில் வையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் ஓட்டுச் சிவப்பு ஒரு ஓரத்தில் செங்கல்லாகவும் மறு ஓரத்தில் கத்தரிப்பூவாகவும் விழும். ஸ்டாண்டில் கேமரா, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா ஃபைல் (கேமரா சுருக்காத மூலப் படம்). பிறகு நிறத்தைச் சரிசெய்ய, முதல் படத்தில் சாம்பல் அட்டை இருக்கட்டும். 12×18 அங்குலத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600×5400 பிக்சல் தேவை. 24 மெகாபிக்சல் கேமரா போதும்.

தாள் வாங்கும்போது பெயரில் ஏமாறாதீர்கள். அச்சகத்தில் 'ஆர்ட் பேப்பர்' என்பது காலண்டருக்கான வழவழப்புத் தாள். நமக்கு வேண்டியது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளும் பிக்மென்ட் மையும் (நிறத்துகள் கலந்த மை). ஆயிரம் பிரதி என்றால் சிவகாசி ஆஃப்செட் கட்டுப்படியாகும், 25 பிரதிக்கு இன்க்ஜெட்தான்.

முழுப் படத்தையும் உடனே அடிக்காமல், ஓட்டுக்கூரை, அதன் கீழுள்ள நிழல், வானம் மூன்றும் வரும்படி 2 அங்குல அகலத்தில் ஒரு துண்டு அடியுங்கள். மறுநாள் காலை ஜன்னலோரம் அசலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தமும் இருண்டிருந்தால் பெரும்பாலும் குற்றம் மானிட்டர் மேல்தான்; அதன் வெளிச்சம் அதிகம். நிழல் மட்டும் சாம்பல் பூத்திருந்தால் பிரிண்டரில் தேர்ந்த தாள் வகை தவறு.

ஆனி, ஆடிச் சாரலில் அடிப்பதானால் கூடுதல் கவனம். திறந்து கிடந்த தாள் ஈரம் குடித்து ஓரம் நெளியும். பிரிண்டர் ஹெட் அதில் உரசிக் கறுப்புக் கோடு இழுக்கும். அடிக்கும்வரை கவரைப் பிரிக்காதீர்கள். நெளிந்த தாளைப் பலகைக்கடியில் ஒருநாள் வைத்தால் படியும்.

அடித்த பிரிண்டை ஒருநாளாவது காயவிட்டே கண்ணாடி போட வேண்டும். அவசரப்பட்டால் மையின் ஆவி உள்பக்கம் படிந்து, நிழல் இருக்கும் இடமாகப் பார்த்துக் கண்ணாடியில் வெண்புகை பிடிக்கும். பிரிண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நடுவில் ஜன்னல்போல் வெட்டிய அமிலமற்ற மவுண்ட் அட்டை அவசியம். செலோடேப் ஒட்டினால் மஞ்சள் கறை ஏறும். மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமைப் பசையால் ஒட்டுங்கள். பசை கொஞ்சமாகப் போதும், அதிகமானால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. சுவர் ஈரம் ஏறாதிருக்க ஃபிரேமின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டி மாட்டுங்கள்.