எயார் எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருக்கிறதா?

மட்டக்களப்புத் தரை தட்டை. அதனால் லொறியின் பிரேக் குறை இங்கே மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். செங்கலடியிலிருந்து நெல் ஏற்றிப் போய், பதுளையிலிருந்து லுணுகலைப் பக்கமாக இறங்கும்போதுதான் அது வெளியே வரும். அப்புறம்தான் வீட்டு முற்றத்தில் லொறியை நிறுத்தி எயார் எடுக்க, அதாவது பிரேக் ஒயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றத் தொடங்குகிறோம்.

முதல் பிழை அங்கேயே நடக்கிறது. பெடல் கீழே போனாலே எயார்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு போத்தல் பிரேக் ஒயிலை ஓட்டினேன். ஒரு குமிழி வரவில்லை, பெடலும் ஏறவில்லை. கடைசியில் பார்த்தால் பின் ட்ரம்மை உள்ளிருந்து பிடிக்கும் சூ தேய்ந்து, இடைவெளி கூடியிருந்தது. பின்தட்டில் உள்ள துவாரத்தால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, சில்லு உரசும்வரை பல்லுச்சக்கரத்தைத் திருப்பி, பிறகு கொஞ்சம் தளர்த்தியதும் பெடல் மேலே வந்துவிட்டது.

ஆகவே சில்லுப் பக்கம் எயாரை வெளியே விடத் திறக்கும் நிப்பிளைத் தொட முன் பெடலைக் கேளுங்கள். பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று தரம் அடித்ததும் இறுகினால் எயார் இருக்கலாம், ட்ரம் இடைவெளியும் இருக்கலாம். அமத்திப் பிடித்திருக்க மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது பெடல் அமத்த ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. கல்லுப்போல இறுகி, வண்டி மட்டும் நிற்காவிட்டால், கால் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் பக்கம் பாருங்கள். பின்னிரண்டுக்கும் எத்தனை போத்தல் ஊற்றினாலும் பயனில்லை.

எயார்தான் என்றால், ஜக் அடிக்க முன் ஒரு விஷயம். எல்ஃப், கன்டர் போன்ற பல சிறு லொறிகளில் ஹான்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, கியர்பொக்ஸுக்குப் பின்னால் சாஃப்டைத்தான் பிடிக்கும். பின்சில்லு ஒன்றைத் தூக்கினால் அது சுழல, நிலத்திலுள்ள மற்றச் சில்லும் உருளலாம். தூக்காத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம், ஸ்டாண்ட் வேண்டும்.

மற்றதெல்லாம் பெடலில் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையிலான பேச்சில் இருக்கிறது. "மனே, அமத்து!" என்றால் மெதுவாக அமத்த வேண்டும். "பிடிச்சிட்டன்" என்று பதில் வந்த பிறகே நிப்பிளைத் திறக்க வேண்டும். பெடல் கீழே போகும், நிப்பிளை இறுக்கியாயிற்று, "விடு!" என்ற குரல் கேட்கும்வரை கால் எடுக்கக் கூடாது. ஒரு நொடி முந்திக் கால் எழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய்விடும். படபடவென்று அடித்தால் ஒயில் நுரைத்து, குமிழி பொடிப்பொடியாகி வரமறுக்கும். நிப்பிளில் மாட்டும், உள்ளே தெரியும் ரியூப்பின் மறுமுனை, போத்தலில் உள்ள ஒயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும்.

பழைய லொறியென்றால் பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு போடுங்கள். நாளாந்தம் போகாத தூரத்துக்குப் பிஸ்டன் போனால், அங்கே பிடித்திருக்கும் துரு ரப்பரைக் கிழித்துவிடும். எயார் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர்கள் பலர்.

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்குவதுதான் பொது வழக்கம். உங்கள் வண்டியின் கைநூல் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். மேலே டாங்கியில் ஒயில் வற்றவிட்டால் திரும்பவும் முதலிலிருந்துதான். பின்பக்கம் ஒயில் சரியாக வராவிட்டால் பாரத்துக்கேற்ப வேலை செய்யும் வால்வைப் பாருங்கள். சாசியில் ஜக் வைத்துப் பின்னச்சைத் தொங்கவிட்டால், வண்டி வெறுமை என்று எண்ணி அது ஒயிலைக் குறைத்துவிடும். டிஸ்க் பிரேக்கைப் பிடிக்கும் கலிப்பர் மாற்றிய வண்டியா? நிப்பிள் மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இடம் வலம் மாறினால் நிப்பிள் கீழே போய், எயார் மேலேயே தங்கிவிடும்.

கல்லாறு, காத்தான்குடி போலக் கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் நிப்பிள் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் ஒயில் அடித்துவிட்டு, ஆறுபக்கமும் பிடிக்கும் ரிங் ஸ்பானர் போடுங்கள். திறந்த வாய் ஸ்பானர் மூலையை உருட்டிவிடும்.

ஒயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். டொட் 3, டொட் 4 என்ற பிரேக் ஒயில் வகைகள் இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 தான். மாரி முழுக்க மூடி திறந்து கிடந்த அரைப் போத்தலை ஊற்றினால், மலை இறக்கத்தில் சூடேறி ஒயில் ஆவியாகும், பெடல் தரைக்குப் போகும். கியர் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ தவறிப் போய்விட்டால் ரப்பர்கள் ஊதிவிடும். கழுவினால் சரிவராது, ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டும்.

ஒயிலால் அல்லாமல் காற்றழுத்தத்தாலேயே வேலை செய்யும் முழு எயார் பிரேக் உள்ள பெரிய லொறிகளுக்கு இவை எதுவும் பொருந்தாது.

எல்லாம் முடிந்தபின் எஞ்சின் நிற்க, பெடலை ஒரு நிமிடம் அமத்திப் பிடியுங்கள். இறங்கக் கூடாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சற்று இறங்கி நிற்கும். அது பூஸ்டர் வேலை செய்வதால், பயப்பட வேண்டாம். தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் கராஜ்காரரை முற்றத்துக்கு வரச் சொல்லுங்கள். லொறியை அவரிடம் ஓட்டிப்போக வேண்டாம்.