பனிவண்டி ஓட்டப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் திண்ணைக்குத் திண்ணை ஒரே கேள்விதான்: வண்டி மணிக்கு எவ்வளவு? டீசல் யாருடையது, ஓட்டுநருக்கு பேட்டா யார் தருவது, அடுத்த ஊரிலிருந்து வண்டி வந்து சேரும் நேரம் கணக்கில் சேருமா, சேற்றில் சிக்கி நின்ற அரை மணி யார் தலையில் விழும் என்பதையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும். கனடாவில் இருக்கும் மகனையோ மகளையோ குளிர்காலத்தில் பார்க்கப் போய், அங்கே பனித்தடங்களில் ஸ்னோமொபைல் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் நம் டெல்டாக்காரர்கள் கேட்க வேண்டியவையும் இவையேதான். ஆனால் ஊரில் இவ்வளவு கறாராகப் பேசுகிறவர்கள், டாலரில் விலை சொன்னதும் வாயடைத்துப் போய், கேட்டதைக் கொடுத்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். நானும் முதல் முறை அப்படித்தான் கொடுத்தேன்.

வண்டியைப் புரிந்துகொள்வது நமக்குக் கடினமில்லை. ஈர வயலில் டயர் வண்டி புதையும் இடத்தில் பெல்ட் வண்டி மிதந்து போவது எப்படியோ, அதே விதியில்தான் ஸ்னோமொபைலும் ஓடுகிறது: அகன்ற ரப்பர் பெல்ட் எடையைப் பரப்பிவிடுவதால் வண்டி பனியில் அமிழ்வதில்லை, முன்னால் இருக்கும் இரண்டு சறுக்குக் கட்டைகள் திசை திருப்புகின்றன. பெல்ட் வண்டியைத் தார்ச்சாலையில் ஓட்டாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோவது போலவே இதையும் டிரெய்லரில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெல்ட் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளையும், பல வண்டிகளில் இன்ஜின் குளிர்நீரையும் பனிதான் குளிர்விக்கிறது. வெறுந்தரையில் சில கிலோமீட்டர் ஓட்டினாலே பட்டை உருகும், இன்ஜின் சூடேறும், சறுக்கின் அடியில் உள்ள கார்பைடு கம்பி தேய்ந்துவிடும். இந்தத் தேய்மானம் முழுவதும் பணம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் கணக்கு எளிதில் விளங்கும்.

முதலில் குல்மார்க்

வெறுமனே ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருப்பவர்கள் கனடாவை மறந்துவிட்டு, காஷ்மீரின் குல்மார்க்கையோ மணாலிக்கு அருகிலுள்ள சோலாங் பள்ளத்தாக்கையோ நினைக்கலாம். அங்கே அதன் பெயர் ஸ்னோ ஸ்கூட்டர். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள குல்மார்க்கில் டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை பனி கிடைக்கும். சென்னையிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானத்தில் போகலாம். இரண்டு நாளுக்கு மேல் ரயிலில் உட்காரப் பொறுமை உள்ளவர்கள் கட்ரா வரை போய், 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் ஸ்ரீநகர் சேரலாம். பனி அதிகமாக விழும் நாட்களில் சாதாரண வாடகைக் கார் தங்மார்க் வரைதான் போகும். அங்கிருந்து மேலே ஏற, சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது என்பதால், குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்க வேண்டும்.

அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாடகை சுற்றுக்கா, நேரத்துக்கா? சுற்றுக்கு என்றால் அந்தச் சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கையால் காட்டச் சொல்லுங்கள். நான் ஒருமுறை பேசாமல் ஏறி, பத்து நிமிடம்கூட ஆகாத ஓட்டத்துக்கு முழுக் கட்டணம் கொடுத்தேன். அதிலும் பெரும்பகுதி நேரம் ஓட்டியவர் எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த அவர்களுடைய ஆள்தான். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் சில காலம் மூடப்பட்டன; ஆகவே பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலான அறை முன்பதிவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

தடத்தில் ஓட்டுவது வேறு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் சுமார் 30,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பனித்தடங்கள் இருக்கின்றன. காடு, உறைந்த ஏரி, தனியார் பண்ணை நிலம் எல்லாவற்றின் ஊடாகவும் போகும் இவற்றை உள்ளூர் கிளப்புகளின் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். பெரும்பாலும் இரவில் பெரிய இயந்திரங்களை ஓட்டிப் பனியைச் சமப்படுத்துகிறார்கள். இதற்கான செலவு நாம் வாங்கும் பெர்மிட்டிலிருந்து வருகிறது என்பதால், பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அபராதத்துக்குரிய குற்றம் மட்டுமல்ல, பக்கத்து வயல்காரர் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் திருடுவதைப் போன்றது. நிலச் சொந்தக்காரர்கள் பலர் காசு வாங்காமல் வழி விட்டிருக்கிறார்கள். தடத்தை விட்டு அவர்களுடைய நிலத்தில் இறங்கினால், அறுவடைக்கு வரப்பு விட்டவரின் நாற்றங்காலில் வண்டியை ஏற்றியதாக அர்த்தம். அடுத்த ஆண்டு அந்த வழி மூடப்படும்.

பருவம் முழுவதற்குமான பெர்மிட்டை நவம்பர் 1ஆம் தேதிக்குள் வாங்கினால் விலை குறைவு. சில நாட்களுக்கு மட்டுமான பெர்மிட்டும் உண்டு. ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். புறப்படுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதற்கான அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், சேவைக் கட்டணம் தனி. தலைக்கவசம் கட்டாயம். தடத்தில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர்.

சொந்த வண்டியா, வாடகையா

பிள்ளைகள் பொதுவாக வழுக்கி விழும் இடம் இதுதான். இரண்டு முறை வாடகைக்கு ஓட்டிய உடனேயே, இவ்வளவு வாடகை கொடுப்பதற்குச் சொந்தமாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். நம் ஊரில் மூன்று மா நிலத்தை வைத்துக்கொண்டு யாரும் அறுவடை இயந்திரம் வாங்குவதில்லை. வேலிக்கணக்கில் நிலம் வைத்திருப்பவர்கூட வாடகை வண்டியைத்தான் அழைக்கிறார். அதே நிதானத்தோடு கணக்குப் போடுவோம். கீழே வரும் எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் இடத்து விலைகளைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்வோம். நடுத்தர டூ-ஸ்ட்ரோக் வண்டி லிட்டருக்கு ஐந்து முதல் ஏழு கிலோமீட்டர் தரும். நம் ஊர் மொபெட்டின் மைலேஜை மனதில் வைத்துக்கொண்டு போனால் அதிர்ச்சிதான் மிஞ்சும். 35 லிட்டர் பெட்ரோல், லிட்டர் ஒன்றரை கனடா டாலர் என்றால் ஏறக்குறைய 52 டாலர். டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஒரு லிட்டருக்கு 15. பெல்ட், பட்டை, கார்பைடு கம்பி ஆகியவற்றின் தேய்மானத்துக்கு 25. டொராண்டோ பக்கத்திலிருந்து பனி நன்றாக நிற்கும் வடக்குப் பகுதிக்குப் போய்வர 400 கிலோமீட்டர். டிரெய்லர் இழுக்கும் பிக்கப் வண்டி நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் குடிப்பதால் அதற்கு மட்டும் 108. சாப்பாட்டுக்கு 40. ஆக ஓடும் நாளின் செலவு 240 டாலர். இதில் வண்டி ஓடுவதற்கான பெட்ரோலைவிட வண்டியைக் கொண்டுபோகும் பெட்ரோல் இரண்டு மடங்கு என்பதைப் பாருங்கள். இந்தப் பயணத்தில் பணத்தைத் தின்பது பனியைவிடச் சாலைதான்.

இனி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவு. பருவ பெர்மிட் 280, காப்பீடு 400, பதினைந்தாயிரம் டாலர் வண்டி ஆண்டுக்கு இழக்கும் மதிப்பு 1,500 என்று வைத்தால் மொத்தம் 2,180 டாலர். கோடையில் நிறுத்தி வைக்கும் இடத்துக்கு வாடகை கொடுப்பவர்கள் அதையும் சேர்க்க வேண்டும்.

வாடகை வண்டி என்றால், நாள் வாடகை 350, அதில் போடும் பெட்ரோல் 52, டிரெய்லர் இல்லாத சாதாரணக் காரில் போய்வர 54, சாப்பாடு 40, மொத்தம் 496 டாலர். ஒரு டாலர் அறுபது ரூபாய் என்றால் ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபாய். சொந்த வண்டியில் ஒரு நாளைக்கு மிச்சமாவது 256 டாலர்; 2,180ஐ அதனால் வகுத்தால் எட்டரை வரும். அதாவது ஆண்டுக்கு ஒன்பது நாளுக்குக் குறையாமல் தடத்தில் இறங்குபவருக்குத்தான் சொந்த வண்டி கட்டும். வாரநாளில் வேலை, வாரக்கடைசியில் பிள்ளைகளின் வகுப்பு, நடுவில் ஒரு பொங்கல் விழா என்று ஓடும் வீட்டில் ஒன்பது நாள் கிடைக்குமா என்பதை மருமகளிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். அவர் சொல்லும் எண் மகன் சொல்லும் எண்ணைவிட நம்பத்தகுந்ததாக இருக்கும்.

வாங்கித்தான் தீருவது என்றால், பயன்படுத்திய வண்டியைப் பாருங்கள். மதிப்பிழப்பு பாதியாகக் குறைந்தால் ஒன்பது நாள் ஆறாகக் குறையும். நண்பரோடு ஒரே டிரெய்லரில் இரண்டு வண்டிகளை ஏற்றிப் போனால் அந்த 108 ஏறத்தாழப் பாதியாகும். இரவு தங்கி அடுத்த நாளும் ஓட்டினால் அறை வாடகை சேர்ந்தாலும், சாலைச் செலவு இரண்டு நாளுக்குப் பிரியும்.

பனி வருமா

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பார்கள் என்று நம்பி நாற்றுவிட்டு ஏமாந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024இல் அணை ஜூலை 28இல்தான் திறந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், 2023-24 குளிர்காலத்தில், எல் நினோ காரணமாக ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் பனி பொய்த்து, பல தடங்கள் பருவத்தின் பெரும்பகுதி மூடியே கிடந்தன. முன்பணம் கட்டியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

ஆகவே நம் வசதிக்கு நாள் குறிக்கக் கூடாது. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, உளுந்து தெளித்துவிட்டுப் புறப்படுபவர்களுக்கு மாசி பிறந்துவிடும். அதற்குப் பிறகு நல்ல தடம் கிடைக்கும் காலம் ஏறக்குறைய ஒரு மாதம்தான். தடங்களின் நிலையைக் காட்டும் இணைய வரைபடத்தில் பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் எச்சரிக்கையோடு போகலாம், சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. பயண நாளுக்கு முந்தைய இரவு அதைப் பார்த்த பிறகே வாடகைப் பணத்தைக் கட்டுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏரிமேல் போகும் தடம் சிவப்பாக இருக்கும்போது, பக்கத்தில் யாரோ போன சுவடு தெரிகிறதே என்று இறங்க வேண்டாம்.

உடையும் காப்பீடும்

மார்கழிப் பனிக்கே காதில் மப்ளர் சுற்றுபவர்கள் நாம். மைனஸ் இருபதில் 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று எப்படி இருக்கும் என்பதற்கு இங்கே ஒப்புமை கிடையாது. அதற்காகச் சென்னையில் பெரிய கடையில் போய் உடை வாங்குவது தேவையற்ற செலவு. உள்ளே போடும் தெர்மல் உடையையும் கம்பளிக் காலுறையையும் மட்டும் இங்கிருந்து கொண்டுபோங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துக்கொண்டு உடம்பை நடுங்க வைக்கும். மேலங்கி, பூட்ஸ், கையுறை, தலைக்கவசம் ஆகியவை பல வாடகைக் கடைகளில் வண்டியோடு கிடைக்கும். அது வாடகையில் அடங்குமா, தனியா என்பதைத் தொலைபேசியிலேயே கேளுங்கள்.

காப்பீட்டில் தவறு செய்தால்தான் குடும்பமே ஆட்டம் காணும். பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்குவதற்காகக் கனடா தரும் சூப்பர் விசாவில் போகும் பெற்றோர் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பார்கள். அது போதும் என்று நினைத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுகளும், மோட்டார் பொருத்திய பனிவண்டியும் விலக்குகளில் இருக்கும். கால் முறிந்து மருத்துவமனையில் படுத்த பிறகு அந்தப் பக்கத்தைப் படித்துப் பயனில்லை. புறப்படுமுன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, ஸ்னோமொபைல் ஓட்டும்போது ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். இல்லை என்று பதில் வந்தால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பேரன் ஓட்டுவதை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வாடகை வண்டிக்கு வாங்கும் வைப்புத் தொகை பெரும்பாலும் கடன் அட்டையில் பிடித்து வைக்கப்படும். ஆயிரம் டாலரைத் தாண்டினாலும் வியப்பதற்கில்லை. மரத்தில் உரசிய இன்ஜின் மூடிக்கும், வளைந்த சறுக்குக்கும் அதிலிருந்துதான் கழிப்பார்கள். ஆகவே ஏறுமுன் வண்டியைச் சுற்றி வந்து, சறுக்கு இரண்டையும், பெல்ட்டையும், மூடியில் ஏற்கெனவே உள்ள கீறல்களையும், பெட்ரோல் அளவு காட்டும் முள்ளையும் கைப்பேசியில் படம் எடுத்து, கடைக்காரர் முன்னிலையிலேயே மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்ததும் அதே வரிசையில் இன்னொரு முறை படம் எடுத்துவிட்டு, பிடித்து வைத்த தொகையை எத்தனை நாளில் விடுவிப்பார்கள் என்று ரசீதில் எழுதி வாங்கிய பிறகே கையுறையைக் கழற்றிக் கொடுங்கள்.